சென்ஸி போட்ட நாற்பது மீட்டர்

சென்ஸி என் மனைவி. ராபன் கணவாய்க்குப் போகும் பாதையை இருபத்தாறு வருஷமாகப் பார்த்துக்கொள்கிறவள். பாறையில் சிவப்பும் வெள்ளையுமாக வழிக்குறி அடிப்பது, உருண்டுவிட்ட கல்லைத் தூக்கி வைப்பது, மழைத் தண்ணீரை ஓரமாகத் திருப்பிவிடுவது எல்லாம் அவள்தான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கென்ன?

இந்த ஜூனில் கணவாய்க்குச் சற்றுக் கீழே நாற்பது மீட்டர் பாதை சரிந்து பள்ளத்தோடு போய்விட்டது. பாதையையே மூடிவிடலாம் என்று மலையேறுவோர் சங்கத்தில் பேச்சு வந்தது. சென்ஸி யாரோடும் வாதாடவில்லை. கடப்பாரையும் கூடாரமுமாக மேலே போய்விட்டாள். சரிவுக்கு மேலே பாறையை ஒட்டி வழி எடுத்தாள். விழுந்த கற்களையே கீழிருந்து சுமந்து வந்து பதித்தாள், இடுக்குகளில் புல் வைத்தாள். ஏழு வாரம் ஆயிற்று.

ஆகஸ்ட் கடைசியில் சங்கத்து ஆய்வாளர் வந்தார். அவர் சரி என்றால் பாதை பிழைக்கும், இல்லையென்றால் மூடல்தான். முந்தின நாளே சென்ஸி என்னை எச்சரித்துவிட்டாள்.

"நீ வர்றதா இருந்தா வா. அந்த எடம் வந்ததும் வாயத் தொறந்தே, ஒரு வாரம் உனக்கு சூப்பு கிடையாது."

ஆய்வாளர் பெயர் லெர்ச்பாமர். அடிவாரத்தில் "நீங்க வாங்க அம்மா, நீங்க முன்னால போங்க அம்மா" என்று ஒரே மரியாதை. எங்கள் மலையில் மரங்கள் முடிகிற இடத்தோடு 'நீங்க'வும் முடிந்துவிடும். அதற்கு மேலே டாக்டரானாலும் பாதிரியாரானாலும் 'நீ'தான். கடைசி மரத்தைத் தாண்டியதும் சென்ஸி திரும்பி, "தண்ணி குடிக்கிறியா?" என்றாள்.

மனிதர் ஒரு கணம் விழித்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"ஆபீஸ் நாற்காலில உக்காந்து உக்காந்து இதையே மறந்துட்டேன். குடு, குடு."

அதோடு அவர் வாய்ப்பூட்டு கழன்றது. புல் பழுப்பேறியிருந்தது. வளையில் வாழும் மலை அணில்கள் குளிர்காலத்துக்குத் தின்று கொழுத்து, ஓட முடியாமல் ஓடின. அவர் எதையும் பார்க்கவில்லை, மகள் கல்யாணத்தைப் பற்றியே பேசிக்கொண்டு நடந்தார்.

"மாப்பிள்ளை வடக்கத்தி ஆளு, ஹாம்பர்க்காரன். விருந்துல ரொட்டி உருண்டைய கத்தியால வெட்டறான், தெரியுமா? சமைச்சவ என் பெண்டாட்டி. முகம் செத்துப்போச்சு அவளுக்கு."

"கத்தியாலயா? கல்யாணத்த நிறுத்தலையா நீ?" என்றாள் சென்ஸி. எங்கள் ஊரில் உருண்டையை முள்கரண்டியால்தான் பிய்ப்போம்; கத்தி எடுத்தால் உருண்டை கல் என்று சமைத்தவளிடமே சொன்ன மாதிரி.

சரியாக அந்தப் பேச்சில்தான் அவர் சென்ஸியின் நாற்பது மீட்டரில் கால் வைத்தார். இடப்பக்கம் முந்நூறு அடிப் பள்ளம். அவர் மாப்பிள்ளையைத் திட்டிக்கொண்டே போனார். ஒரு கல்கூட அசையவில்லை. 'யோவ், கீழே பாரய்யா, இது அவள் போட்டது' என்று கத்த வேண்டும்போல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கணவாயின் மரச்சிலுவையடியில் உட்கார்ந்து ரொட்டியும் உப்பிட்ட பன்றிக்கறியும் தின்றோம். அவர் கையைத் துடைத்துக்கொண்டு படிவத்தை எடுத்தார்.

"சரி, வேலையப் பாப்போம். சரிஞ்ச எடம் எங்க? அந்தப் பக்க இறக்கத்துலயா?"

"தாண்டி அரை மணி ஆச்சு. உன் மருமகன் உருண்டைய வெட்டினானே, அப்போ," என்றாள் சென்ஸி, மென்றுகொண்டே.

அவர் நம்பவில்லை. தனியாகத் திரும்பி இறங்கினார். மேலிருந்து பார்த்தோம். மண்டியிட்டார், கைத்தடியால் குத்தினார், கல்லின்மேல் நின்று குதித்தார். மூச்சிரைக்க ஏறி வந்து, படிவத்தில் 'பாதை திறந்திருக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் கண் நிறைந்துவிட்டது, காற்றின்மேல் பழி போட்டேன்.

அவர் இன்னும் பேனாவை மூடவில்லை.

"புதுப் பாதை எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு படத்துல கோடு போடணும். மூணு தடவ நடந்து பாத்துட்டேன், தெரியல. நீயே போட்டுக் குடு."

சென்ஸி பேனாவை வாங்கவில்லை.

"அது உனக்குத் தெரியற மாதிரி நான் போட்டிருந்தா, நீ பாதைய மூடியிருக்கணும்."