முப்பத்தொன்பது அப்பாக்கள்

செங்கம் ரோட்டில் ஒரு தனியார் கலைக்கல்லூரி. அதன் கேட்டுக்கு நேர் எதிரே சந்திரகலாவின் ஜெராக்ஸ் கடை. அந்தக் காலேஜில் பாஸானவர்களில் பாதிப் பேர் சந்திரகலாவால்தான் பாஸானார்கள். இதைப் புகழ்ச்சி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.

நானும் அவளும் ஒரே தெரு, காலேஜுக்குப் பின்பக்கம். மதியம் சமையல் முடிந்ததும் நான் அவள் கடையில் போய் உட்காருவேன். அவள் காப்பி எடுப்பாள், நான் ஸ்டேப்லர் அடிப்பேன். வீட்டில் படுத்துக்கொண்டு சீரியல் பார்ப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

சந்திரகலா பிளஸ் டூ வரைக்கும் படித்தவள். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். அவள் வீட்டுக்காரர் கோதண்டராமன் லாரி ஓட்டினார். பத்து வருஷத்துக்கு முன்னால் கிருஷ்ணகிரி பக்கத்தில், நின்றுகொண்டிருந்த டேங்கர் மேல் வண்டியை விட்டுப் போய்ச் சேர்ந்தார். மகள் பூஜா அப்போது மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து சந்திரகலாவுக்கு ஒரே வெறி, பூஜாவை டிகிரி வாங்க வைத்துவிட வேண்டும். வேறு எதைப் பற்றியும் அவள் யோசித்து நான் பார்த்ததில்லை.

பூஜா எட்டாவது படிக்கும்போது சந்திரகலா நோட்ஸ் எழுத ஆரம்பித்தாள். பன்னிரண்டு பக்கப் பாடத்தைத் தானே படித்து, ஒரே பக்கமாகச் சுருக்கி, முக்கியமான வரிக்கு அடிக்கோடு போட்டுக் கொடுப்பாள். பூஜா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் நடந்து நடந்து மனப்பாடம் செய்வாள். பிளஸ் டூவில் ஐந்நூற்று முப்பத்தொன்று வாங்கினாள். அந்தப் பெண் புத்தகத்தைப் பிரித்தே பார்த்ததில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை. மார்க் வந்தபோது கேசரி வாங்கித் தின்ற எனக்கும் தோன்றவில்லை.

நோட்ஸ் கைவசம் இருந்தது, மெஷினும் இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் கேட்டார்கள், கொடுத்தாள். அப்புறம் காலேஜ் பிள்ளைகள் வந்தார்கள்.

"அக்கா, மூணாவது யூனிட் இன்னும் சின்னதா குடுங்கக்கா."

"இதுக்கும் சின்னதுன்னா மாத்திரதான்டா குடுக்கணும். தண்ணி ஊத்தி முழுங்கிட்டுப் போய் எழுதறியா?"

"அது வந்தாலும் நல்லாதான் இருக்கும்க்கா."

இப்படித்தான் வியாபாரம் நடந்தது. அதிகம் போனது ஒரு கட்டுரை. 'என் வாழ்வில் மறக்க முடியாத நாள்.' இந்தத் தலைப்பு ஏதாவது ஒரு பரீட்சையில் வந்துகொண்டே இருக்கும். பூஜா பத்தாவது படிக்கும்போது அவளுக்காக எழுதியது. 'என் தந்தை லாரி ஓட்டுநர். நான் மூன்றாம் வகுப்பு பயிலும்போது விபத்தில் உயிர் நீத்தார். அன்று மழை பெய்தது. அவர் எனக்காக வாங்கியிருந்த சிவப்புக் குடை லாரியில் கிடந்தது.' படித்தால் எனக்கே கண்ணில் தண்ணீர் வரும். அதைத்தான் திருவண்ணாமலையில் பாதிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து பத்துக்கு எட்டு வாங்கினார்கள்.

பூஜா அதே காலேஜில் பி.காம் சேர்ந்தாள். அந்த வருஷம்தான் காலேஜில் முதல் வருஷப் பிள்ளைகளுக்குப் படிக்கவும் எழுதவும் சொல்லித்தர ஒரு பாடம் புதிதாக வைத்தார்கள். காலேஜுக்கு வந்த பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று சந்திரகலா சிரித்தாள். ரேவதி என்று ஒரு மிஸ் அதற்காக வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது, கௌரவ விரிவுரையாளர். முதல் பரீட்சை வைத்தாள். உங்கள் வீட்டில் ஒருவரைப் பற்றிப் பத்து வரி, தமிழிலேயே எழுதலாம். அவ்வளவுதான் கேள்வி.

நாற்பத்தாறு பேர் எழுதினார்கள். முப்பத்தொன்பது பேருக்கு அப்பா லாரி ஓட்டுநர். முப்பத்தொன்பது பேரும் மூன்றாம் வகுப்பில் அப்பாவைப் பறிகொடுத்திருந்தார்கள். முப்பத்தொன்பது லாரியிலும் சிவப்புக் குடை கிடந்தது.

வகுப்பில் நடந்ததை அன்றைக்கு மதியம் பூஜா கடையில் வந்து சொன்னாள். மொஹ்சினை மிஸ் எழுப்பி நிற்க வைத்தாளாம். அவன் அப்பா ஜானி பாஷா ஆட்டோ ஓட்டுகிறவர்.

"மொஹ்சின், காலைல உங்கப்பா உன்ன கேட்டுல எறக்கி விட்டுட்டுப் போனத நான் பாத்தேனே?"

"ஆமா மிஸ்."

"இதுல செத்துட்டாருன்னு எழுதியிருக்க?"

"அது நோட்ஸ்ல இருக்கற அப்பா மிஸ்."

வகுப்பே சிரித்ததாம். முப்பத்தொன்பது பேருக்கும் மிஸ் பூஜ்யம் போட்டாள். பூஜா எழுந்து, "மிஸ், அது நெஜமாவே எங்கப்பா மிஸ்" என்றிருக்கிறாள். பின்னால் இருந்து ஒருத்தன், "எங்கப்பாவும்தான் மிஸ்" என்றானாம். மறுபடியும் சிரிப்பு. மிஸ் பூஜாவின் பேப்பரையும் பக்கத்துப் பேப்பரையும் சேர்த்து வைத்துக் காட்டினாளாம். ஒரு எழுத்து வித்தியாசமில்லை.

பூஜா அழவில்லை. சொல்லிவிட்டு ஒரு கட்டுப் பேப்பரை எடுத்து, அடுக்கிக்கொண்டே இருந்தாள். சந்திரகலாதான் குதித்தாள்.

"செத்தவன் வூட்டுப் பொண்ணுக்கு பூஜ்யமா? வரட்டும் அவ."

ரேவதி தானாகவே வந்தாள். அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக ரோட்டில் பஸ்ஸை நிறுத்தியிருந்தார்கள், காலேஜ் அரை நாள். சந்திரகலா ஜெராக்ஸை மூடிவிட்டுத் தண்ணீர் பாட்டில் விற்றுக்கொண்டிருந்தாள்.

"நீங்கதான் பூஜா அம்மாங்களா?"

"நீங்கதான் பூஜ்யம் போட்ட மிஸ்ஸா?"

"ஆமாங்க. அது அவ அப்பாதான்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அவகிட்ட மன்னிப்பு கேட்டேன். மார்க்க மாத்தலீங்க."

"ஏன்?"

"அத அவ எழுதலீங்களே. நீங்க எழுதனது. பாடத்தப் படிச்சதும் நீங்க, சுருக்கனதும் நீங்க, எழுதனதும் நீங்க. நடுவுல புள்ளைங்க இன்னா பண்ணாங்க, சொல்லுங்க."

"மனப்பாடம் பண்ணாங்க. ஏம்மா, பன்னண்டு வருஷமா ஸ்கூல்ல இதத்தான் கேட்டாங்க, இதுக்குத்தான் மார்க்கும் போட்டாங்க. திடீர்னு நீ வந்து வேற மாதிரி கேட்டா புள்ளைங்க எங்க போவும்?"

ரேவதி பர்ஸைத் திறந்தாள். ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிப் பாதியைக் குடித்துவிட்டுச் சொன்னாள். "டிசம்பர் பரீட்சைல அவங்க பாத்தே இருக்காத ஒரு பக்கத்தக் குடுப்போம். படிச்சுட்டு சொந்தமா எழுதணும். இப்பிடியே வந்தா பூஜா தேற மாட்டா. பாஸ் ஃபெயில விடுங்க. ஒரு வரி சொந்தமா எழுதத் தெரியாம டிகிரி வாங்கி இன்னா பண்ணுவா?"

அவள் போனதும் சந்திரகலா வாங்குகிற காசை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. பக்தர்கள் தண்ணீர் கேட்டால் பாட்டிலை எடுத்து நீட்டினாள், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை நான் உறைமோர் வாங்க அவள் வீட்டுக்குப் போனேன். பூஜாவை வெள்ளைத்தாளோடு உட்கார வைத்திருந்தாள்.

"அப்பாவப் பத்தி ஒனக்கு இன்னா ஞாபகம் கீதோ அத எழுது."

பூஜா பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கால் மணி நேரம் ஆயிற்று.

"வாயாலயாவது சொல்லேன்டி."

"செவப்புக் கொட. எனக்கு வாங்கியாந்தாரே, லாரில கெடந்துச்சே."

சந்திரகலா என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "கொடையே கெடையாது பூஜா. கட்டுர நல்லா இருக்கட்டும்னு நான் சேத்தது."

"இல்லம்மா. நான் பாத்தேன். பிடி வெள்ளையா இருக்கும்."

கட்டுரையில் பிடியைப் பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது. சந்திரகலா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். எனக்கு உறைமோர் ஊற்றிக் கொடுக்க மறந்துபோனாள். நானும் கேட்கவில்லை.

"அம்மா, நீயே ஒண்ணு எழுதிக் குடுத்துடும்மா. நாளைக்குள்ள மனப்பாடம் பண்ணிட்றேன்" என்று பூஜா கத்தியது மட்டும் வாசல் வரை கேட்டது.

மறுநாள் சந்திரகலா அந்தக் கட்டுரையின் மூலப் பிரதியைக் கிழித்துப் போட்டாள். என்ன பிரயோசனம்? நாலு கடை தள்ளி ஜெராக்ஸ் போடுகிறவன் அதை எப்போதோ காப்பி எடுத்து வைத்திருந்தான். மற்ற நோட்ஸை அவளும் நிறுத்தவில்லை. கடை ஓட வேண்டும்.

ரேவதி வகுப்பில் எல்லோருக்கும் ஒரு நோட்டு வைக்கச் சொன்னாள். தினமும் ஐந்து வரி. பார்த்ததோ படித்ததோ எதையாவது எழுதலாம். பிழை திருத்தமாட்டாள், மார்க் கிடையாது, யாருக்கும் காட்ட வேண்டாம். பிள்ளைகள் பத்து நாள் எழுதிவிட்டு விட்டுவிட்டார்கள். பூஜா விடவில்லை. முதலில் 'காலையில் எழுந்தேன், பல் துலக்கினேன்' என்றே மூன்று வாரம் ஓடியது. பிறகு கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ரோட்டைப் பார்ப்பாள், ஒரு வரி எழுதுவாள், அடிப்பாள், மறுபடி எழுதுவாள். பார்க்கப் பரிதாபமாக இருக்கும். முப்பது பக்க நோட்ஸை ஒப்பிக்கிற பெண்ணுக்கு ஐந்து வரிக்கு வியர்த்துக்கொட்டியது.

நவம்பரில் ஒருநாள், கார்த்திகை தீபத்துக்குப் போலீஸ் தடுப்புக் கட்டிக்கொண்டிருந்த வாரம், சந்திரகலா அந்த நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"படிங்கக்கா."

"யாருக்கும் காட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்களே."

"நான் படிச்சிட்டேன். நீங்களும் படிங்க."

கோணல் எழுத்து. எக்கச்சக்கப் பிழை. 'அப்பா செத்த அன்னிக்கி அம்மா அழுவல. போன்ல பேசிகினே இருந்துச்சி. எனக்கு பசிச்சிது. கேக்க பயமா இருந்துச்சி. அம்மாவ எனக்கு அன்னிக்கி புடிக்கல.'

நான் நோட்டை மூடினேன்.

"அந்தப் போன்ல யார்கிட்ட பேசனேன் தெரியுமாக்கா? ஆஸ்பத்திரில, ஆம்பள யாராவது வந்து கையெழுத்துப் போட்டாத்தான் பாடியக் குடுப்போம்னுட்டாங்க. என் தம்பி போன எடுக்கல, அவர் அண்ணன் வர மாட்டேன்னாரு. நாப்பது பேருக்குப் போன் போட்டேன். அழுவறதுக்கு எனக்கு எங்கக்கா நேரம்?"

"அத அவகிட்ட சொல்லேன்."

"அவ நோட்டப் படிச்சேன்னு எப்பிடி சொல்றது?" அவள் நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "நல்லாதான் எழுதியிருக்கா இல்ல?"

"நல்லாதான் எழுதியிருக்கா."

"அதான் தாங்க முடியல."

டிசம்பரில் பரீட்சை வந்தது. ஏதோ ஒரு ஏரிக்கரை உடைந்ததைப் பற்றி ஒரு பக்கம் கொடுத்திருந்தார்கள். பூஜா முடித்துவிட்டு நேராகக் கடைக்கு வந்தாள்.

"ஏழு வரிதாம்மா வந்துச்சி. ஆனா ரெண்டு தடவ படிச்சேன், புரிஞ்சிது. நானே எழுதனேன். பாஸாவ மாட்டேன்."

"மத்தவங்க?"

"கொஸ்டின் பேப்பர்ல இருந்தத அப்பிடியே காப்பி பண்ணாங்க. மொஹ்சின் பேர எழுதிட்டுத் தூங்கிட்டான்."

சந்திரகலா அவளுக்கு ஒரு டீ வரவழைத்துக் கொடுத்தாள். திட்டவில்லை. பூஜா தேறாமல் போனாலும் பரவாயில்லை என்கிற மாதிரி அவள் முகம் இருந்தது அன்று ஒருநாள்தான்.

பேப்பரைத் திருத்தி, ரேவதி நாற்பதுக்கு மேற்பட்ட பேரை ஃபெயில் போட்டிருக்கிறாள். பூஜாவுக்கு ஐம்பதுக்குப் பதினொன்று. வகுப்பில் அதுவே நல்ல மார்க்குகளில் ஒன்றாம். ரேவதியைக் காலேஜ் ஆபீஸில் கூப்பிட்டார்கள். ரிசல்ட் இப்படிப் போனால் அடுத்த வருஷம் எவன் பிள்ளையைச் சேர்ப்பான், மாற்றிப் போடு என்றார்கள். அவள் மாட்டேன் என்றாள். ஜனவரியில் அவளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தன் சர்டிபிகேட்டை எல்லாம் பத்துப் பத்துக் காப்பி எடுக்க எங்கள் கடைக்குத்தான் வந்தாள். வேறு இடத்துக்கு மனு போட. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது, "பூஜா எழுதறாளா?" என்று கேட்டாள்.

"தெனமும் எழுதறாம்மா."

"ரிசல்ட் எப்பிடி வந்தாலும் நிறுத்தாம பாத்துக்குங்க. இப்பதான் ஆரம்பிச்சிருக்கா."

சந்திரகலா தலையாட்டினாள். நான் பார்த்தேன்.

ஒரு வாரத்தில் ரிசல்ட் வந்தது. பேப்பரைப் புதிதாக வந்த சார் ஒருவர் மறுபடியும் திருத்தினாராம். பூஜா வந்து நின்றாள். சந்தோஷமா துக்கமா என்று முகத்தில் தெரியவில்லை.

"முப்பதும்மா. பாஸ்."

"ஒனக்கா?"

"எனக்கும். எல்லாருக்கும். நாப்பத்தாறு பேருக்கும் முப்பது." சற்று நிறுத்திச் சொன்னாள். "மொஹ்சினுக்கும் முப்பது."

பையிலிருந்து நோட்டை எடுத்தாள். கவுன்ட்டர் ஓரத்தில், ஒரு பக்கம் அச்சான கழிவுத்தாளை அடுக்கி வைத்திருப்போம். அதன் மேல் போட்டாள்.

"ஏன்டி?" என்றேன்.

"பாஸாயிடுச்சே ஆன்ட்டி. இனிமே எதுக்கு?"

நான் சந்திரகலாவைப் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும். எழுது என்றால் அந்தப் பெண் எழுதும். அம்மா சொன்னதைத் தட்டுகிற பெண் இல்லை. சந்திரகலா நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் இருந்த வரிகளை நானும் படித்திருக்கிறேன். இன்னும் என்னென்ன வரும் என்று அவளுக்குப் பயம். அது எனக்குப் புரிந்தது. புரிந்தாலும் கோபம்தான் வந்தது.

கவுன்ட்டரில் ஒரு பெண் வந்து நின்றாள். "அக்கா, ரெண்டாவது செமஸ்டர் தமிழ் நோட்ஸ் வந்துடுச்சாக்கா?"

"எந்த யூனிட் வேணும்?" என்று கேட்டபடி சந்திரகலா மெஷினைப் போட்டாள்.