கஞ்சிக் கரண்டிக்கு ஒரு தேர்தல்

காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பிரஸ் மிஷின் ஓட்டும் கமருதீனுக்குப் பதினோரு ரமலானாக ஒரே ஆசை: பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியில் ஒரு கறித்துண்டு.

கறி, அண்டாவின் அடியில் கிடக்கும். கரண்டியோ மூன்று தலைமுறையாக ஹாஜியார் நூருல்லா குடும்பத்துக் கையில். சொந்தக்காரர் தூக்குவாளி வந்தால் அது அடிவரை முங்கி எழும். மற்றவர்களுக்கு மேலாக நீந்திவிட்டு வரும். ஷிப்ட் முடிந்து கமருதீன் போய்ச் சேரும்போது வெந்நீர் ஊற்றி நீட்டிய கஞ்சிதான் மிச்சம்.

இந்த வருடம் முதல் நோன்பன்றே பொங்கிவிட்டார். "தொழுவுறப்போ ஹாஜியாரும் நானும் தோளோட தோள் இட்ச்சிகினு நிக்கறோம். கஞ்சிக்கு மட்டும் இன்னா பாய் ராஜா ஊட்டு நாயம்?"

"கரண்டி புடிக்கக் கைப்பக்குவம் வேணும்பா கமரு" என்றார் ஹாஜியார்.

இமாம் ஹஜ்ரத் தாடியைத் தடவினார். "மார்க்கம் மஷூரா பண்ணச் சொல்லுது. எல்லாரையும் கலந்துகினு முடிவு பண்ணலாம்."

எல்லாரையும் எங்கே பிடிப்பது? பாதிப் பேர் ஷிப்டில். மதியத்திலிருந்து வரிசையில் நிற்பவை அவர்களுடைய தூக்குவாளிகள்தான். அவையே ஓட்டுப் போடட்டும் என்றானது. இடப்பக்கம் ஹாஜியார் வரிசை, வலப்பக்கம் கமருதீன் வரிசை. வாளியில் வெட்டிய பேர் ஒன்றுக்கு ஓட்டு ஒன்று.

பள்ளிவாசல் மைக்கைக் கண்டதும் கமருதீனுக்கு வீரம் வந்துவிட்டது. "நான் ஜெயிச்சா அடிவரிக்கும் கலக்கித்தான் ஊத்துவேன்! கரண்டி புடிக்கிறவன் கடைசியாத்தான் குடிப்பான்!"

மறுநாள் ஹாஜியார் வீட்டிலிருந்து ஒன்பது வாளிகள் வந்திறங்கின. ஒன்பதிலும் சீர் வாங்கிய காலத்தில் வெட்டிய ஒரே பேர், நூருல்லா. ஹஜ்ரத் ஒரே ஓட்டாகக் கணக்கு வைத்தார். ஹாஜியார் விடவில்லை. வலப்பக்கம் நின்ற, பள்ளிவாசல் எதிர்வீட்டு சாராள் வாளியைக் காட்டி, "இது நம்ம ஜமாத்தே இல்லியே" என்றார்.

"கஞ்சி ஊத்தறப்போ கேட்டோமா ஹாஜியாரே?" என்றார் ஹஜ்ரத்.

முப்பத்தொன்றுக்கு முப்பது. கமருதீன் ஜெயித்தார். சந்தோஷத்தில் எதிர்வரிசையை எட்டிப் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அங்கே ஒரு நசுங்கிய வாளி, பேர் சபுரா. அவர் பெண்டாட்டி!

அன்று கமருதீன் கலக்கிய கலக்கில் எல்லா வாளிக்கும் கறி போனது. வாழ்க்கையில் முதல்முறையாக வரிசையில் நின்று கால் கடுத்த ஹாஜியாருக்கும் இரண்டு துண்டு. கடைசியில் கமருதீன் தன் வாளியைச் சாய்த்தபோது அண்டாவில் வெறும் கஞ்சி.

வீட்டுக்குப் போனதும் கேட்டார். "எனக்கு ஏன்டி ஓட்டுப் போடல?"

"பதினோரு வருசமா கறி கறின்னு என் உசுர எடுத்துட்டு, மைக்கப் பாத்ததும் கடைசியா குடிக்கறேன்றீங்க. உங்கள மாரி ஆளுக்கு எவ போடுவா?"

நோன்பு திறக்கும் மஃரிப் பாங்கு ஒலித்தது. சபுரா தன் வாளியிலிருந்து ஒரே ஒரு கறித்துண்டை எடுத்துத் தட்டில் வைத்தாள்.

கமருதீன் கை நீட்டினார். அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இருங்க. மொதல்ல மஷூரா."