முனெம்மா பேருக்கு ஏலம்

இணையத்தில் விளம்பரம் போடும் தொழில் என்பது, ஊரிலிருக்கும் ஆளையெல்லாம் வாடிக்கையாளராகப் பிடித்துத் தருகிறேன் என்று சொல்லி, நம்முடைய வாடிக்கையாளரிடம் தினமும் திட்டு வாங்குவது. திருப்பதியில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்து நான் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். இதே பிழைப்பில் மாட்டிக்கொண்டவர்கள் இதைப் படித்துத் தலையாட்டுவீர்கள். மற்றவர்கள் எங்களை எங்காவது பார்த்தால் ஒரு காபியாவது வாங்கிக் கொடுங்கள்.

கீழே உள்ளதெல்லாம் ஒரே ஆளிடம் பட்டது. நாகபூஷணம் அண்ணன் நகரி பக்கத்துத் தமிழர். கரும்பு நிலத்தை விற்று, பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு லாட்ஜ் கட்டி, காலமான தன் அம்மா பெயரையே வைத்தார்: முனெம்மா லாட்ஜ். அறைகள் நிரம்பவில்லை. பெரிய புக்கிங் கம்பெனி ஒன்று லாட்ஜைக் குத்தகைக்குக் கேட்டு நெருக்கியது. "உட்டா அம்மா பேரை எறக்கிட்டு அவங்க பேரை மாட்டிடுவாங்க. அதுக்கு முன்னாடி ரூமு ரொம்பணும்" என்று எங்களைத் தேடி வந்தார். ஆபீசில் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான். அதனால் அவர் என் தலையில் விழுந்தார்.

இம்ப்ரெஷன்

நம் விளம்பரம் ஒருவர் கண்ணில் பட்டால் அது இம்ப்ரெஷன். அதைத் தொட்டு உள்ளே போனால் க்ளிக். கண்ணில் படுவதற்குக் காசு இல்லை, தொட்டால்தான் காசு. இதை முதல் நாளே அவருக்குப் பொறுமையாகச் சொன்னேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொள்கிற வாடிக்கையாளர் கிடைத்தாரே என்று நானும் மகிழ்ந்துபோனேன்.

நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டுக்கொண்டு ரகசியம் போலச் சொன்னார்: "அப்ப பெருசா போன் நம்பரைப் போட்டுட்டு, கீழ 'தயவுசெய்து தொடாதீர்கள்'னு ஒரு வரி எழுதிடும்மா."

க்ளிக்

ஒரு நாளைக்கு இவ்வளவுதான் செலவு என்று வரம்பு வைத்திருந்தோம். அந்தக் காசு முழுக்க விடிந்து கொஞ்ச நேரத்திலேயே தீர்ந்துபோனது. வெளியூர் பஸ்ஸெல்லாம் வந்து நின்று, ஜனங்கள் இறங்கி, போனை எடுத்து லாட்ஜ் தேடும் நேரத்தில் எங்கள் விளம்பரம் அணைந்துவிட்டிருக்கும். போட்டிக்காரன் எவனோ வேண்டுமென்றே தொட்டுத் தொட்டுக் காசைக் கரைக்கிறான் என்று எனக்குச் சந்தேகம். எங்கிருந்து தொடுகிறார்கள் என்று பார்த்தால், பாதிக்கு மேல் நாராயணவனம்.

நாராயணவனத்தில் இருப்பது அண்ணனுடைய தங்கை. கைராசிக்காரி என்று அந்தக் குடும்பத்தில் பெயர். எந்த உறவுக்காரர் கடை திறந்தாலும் முதல் போணி அவர் கையால்தான். விளம்பரத்துக்கும் அவர் கையாலேயே போணி ஆகட்டும் என்று அண்ணன் தினமும் விடியற்காலையில் தொடச் சொல்லியிருக்கிறார். தங்கை பாசக்காரி. அண்ணன் வியாபாரம் ஓஹோ என்று ஓடட்டும் என்று தெருப் பெண்களின் போனையெல்லாம் வாங்கித் தொட்டிருக்கிறார். தொடுகிற ஒவ்வொரு தடவையும் அண்ணன் காசுதான் போகிறது என்று நான் தொண்டை வற்றக் கத்தினேன்.

அவர் என்னைத்தான் பரிதாபமாகப் பார்த்தார்: "என் தங்கச்சி தொட்டும் ரூமு ரொம்பலைன்னா, உன் விளம்பரத்துலதான் ஏதோ தோஷம் கீது."

நெகட்டிவ் கீவேர்ட்

எந்தச் சொல்லைத் தேடினால் நம் விளம்பரம் வர வேண்டுமோ அது கீவேர்ட். எந்தச் சொல்லுக்கு வரவே கூடாதோ அது நெகட்டிவ் கீவேர்ட். 'திருப்பதி இலவச ரூம்' என்று தேடுகிறவர்கள் நம் விளம்பரத்தைத் தொடுவார்கள், வாடகையைப் பார்ப்பார்கள், ஓடிவிடுவார்கள். நம் காசுதான் போகும். அதனால் 'இலவச' என்ற சொல்லைத் தடுத்துவைத்தேன். இந்தத் தொழிலில் இது அரிச்சுவடி.

அண்ணன் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "மலைக்கு வர்றவனை, கையில துட்டு இல்லன்னு வாசல்லயே நிறுத்தினா பெருமாள் சும்மா உடுவாரா?" என்றார். அவர்கள் வாசலுக்கே வருவதில்லை, விளம்பரத்தைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள் என்றேன். "வந்து பார்த்துட்டாவது போவட்டும்மா" என்றார். தடையை எடுத்துவிட்டேன். சண்டை போட எனக்குத் தெம்பில்லை. எங்கள் முதலாளி கிரண் கணக்கைப் பார்த்துவிட்டுத் தெலுங்கில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "பக்திக்குத் தனியா ஒரு பட்ஜெட் கொண்டாரச் சொல்லு."

கன்வெர்ஷன்

தொட்டவர் ரூமும் எடுத்துவிட்டால் அது கன்வெர்ஷன். வடக்கேயிருந்து வருகிறவர்களைக் குறிவைத்து விளம்பரத்தைத் திருத்தினேன். போன் மேல் போன் போனதாகக் கணக்கு காட்டியது. ரூம் மட்டும் காலியாகவே இருந்தது. என்னதான் நடக்கிறது என்று லாட்ஜுக்கே போய் நின்றேன். கவுண்டரில் அண்ணனுடைய மச்சான் தனபால் வேர்க்கடலை துன்னுக்கினு இருந்தார். மன்னிக்கவும், அவரை நினைத்தாலே எனக்கு அவர் பாஷை வந்துவிடுகிறது. போன் அடித்தது, எடுத்தார், இந்தி கேட்டது, வைத்துவிட்டார். மறுபடி அடித்தது, மறுபடி வைத்தார். ஒவ்வொரு அழைப்பையும் வரவழைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்தக் கடலைப் பொட்டலத்தைப் பிடுங்கி வீதியில் எறியலாம் போலிருந்தது.

ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, துளிக்கூடக் கோபப்படாமல் சொன்னார்: "தெரியாத பாஷைல ஏடாகூடமா எதனா சொல்லிட்டா லாட்ஜ் பேரு கெட்டுப்பூடும்க்கா, அதான் மரியாதையா கட் பண்ணிக்கினு கீறேன்."

பிட்

பிட் என்றால் ஏலம். ஒவ்வொரு தேடலுக்கும் கண் இமைக்கும் நேரத்தில் ஓர் ஏலம் நடக்கிறது. ஒரு க்ளிக்குக்கு அதிகம் தரச் சம்மதிப்பவருக்குப் பெரும்பாலும் மேலிடம். இந்தி போன்களை என் நம்பருக்குத் திருப்பிவிட்டு, எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் நானே ரூம் விற்றேன். ஒரு மாடி நிரம்பியது. முன்பு தங்கிப்போன குடும்பங்கள் 'முனெம்மா லாட்ஜ்' என்றே தேடி வர ஆரம்பித்தன. அண்ணன் எனக்கு இனிப்பு கொடுத்தார். பிழைத்துவிட்டோம் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஒரு நாள் அந்தப் பெயரைத் தேடினால், எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் புக்கிங் கம்பெனியின் விளம்பரம். 'முனெம்மா லாட்ஜ் தேடுகிறீர்களா? பக்கத்திலேயே மலிவான அறைகள்.' அவர்கள் அந்தப் பெயரையே கீவேர்டாக்கி ஏலம் கேட்டிருந்தார்கள். இந்தத் தொழிலில் இதைத் தப்பு என்று யாரும் சொல்வதில்லை. நாமும் அதே பெயருக்கு அவர்களைவிட அதிகம் கேட்டால்தான் மேலே வர முடியும் என்று அண்ணனிடம் சொன்னேன். எதற்கும் பேரம் பேசுகிற மனிதர் அன்றைக்கு விலையைக்கூடக் கேட்கவில்லை. சொன்ன எனக்கே வெட்கமாக இருந்தது.

அவர் கேட்டது ஒன்றுதான்: "எங்கம்மா பேருக்கு நானே ஏலம் கேக்கணுமா?"

மேலிடம்

கேட்டார். நாங்கள் விலையை ஏற்ற ஏற்ற அவர்களும் ஏற்றினார்கள். அவர்களுக்கு அது டீச்செலவு, இவருக்கு அது அந்த மாதத்துக் கரண்டு பில். கடைசியில் குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். போர்டை இறக்கிய அன்று நான் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை.

அடுத்த மாதம் கிரண் ஆபீசில் எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். அந்தப் புக்கிங் கம்பெனியின் திருப்பதி விளம்பரங்கள் எங்களுக்கே வந்துவிட்டன. பழைய ஆட்கள் இன்னும் முனெம்மா லாட்ஜைத்தான் தேடுகிறார்கள், அவர்களை விட்டுவிடாதே என்றார். விளம்பரம் எழுதினேன்: பெரிய எழுத்தில் முனெம்மா லாட்ஜ், கீழே பொடி எழுத்தில் கம்பெனியின் புதுப் பெயர். அந்தச் சொல்லுக்கு எவ்வளவு கேட்கலாம் என்றேன். "இப்ப அந்தப் பேருக்குப் போட்டிக்கு ஆளில்லம்மா, அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும்" என்றார். கிடைத்தது.

சில நாள் கழித்து நகரியிலிருந்து நாகபூஷணம் அண்ணன் போன் செய்தார். சும்மா ஒரு ஆசையில் பெயரைத் தேடிப் பார்த்தாராம். அந்த விளம்பரம் யார் காசில், யாருக்காக என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்: "லாட்ஜ் போனா போவுது, எங்கம்மா பேரை எறக்காம நீ மேலயே வச்சிக்கினு கீறியே, நல்லா இருப்பம்மா நீ!"

ஆக, என்னைப் போன்ற பாவிகளே, இத்தனை வருஷத்தில் என்னை மனதார வாழ்த்திய ஒரே வாடிக்கையாளர், நான் இப்போது யார் காசில் சம்பளம் வாங்குகிறேன் என்று தெரியாதவர்.