வலது கையால் தேய்த்த மேசை

என் மனைவிக்கு மார்பில் அறுவைச் சிகிச்சை முடிந்து, பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த வாரத்தில்தான் அந்த மேசையும் வந்தது. காற்றில் சாய்ந்த பலாமரத்தை அறுத்து அவளுடைய அண்ணன் செய்து அனுப்பியிருந்தார். நல்ல மஞ்சள் பலகை. பூச்சு மட்டும் இல்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பனிக்கு வெறும் பலகை தாங்காது, பூஞ்சணம் பிடித்துவிடும்.

அறுவை செய்த பக்கத்து வலது கை அவளுக்குத் தோளுக்கு மேல் எழவில்லை. சுவரில் விரல்களை வைத்து மெல்ல மெல்ல மேலே ஏற்றிப் பழகும்படி ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். கொஞ்சம் செய்துவிட்டு, "நோவுதுங்க, விட்ருங்க" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அத்தனை வருடம் கொழுந்து பறித்த கை. வற்புறுத்த எனக்குப் பயம்.

மேசையையாவது பார்ப்போம் என்று லுணுகலைக் கடையில் பலகைக்குப் பூசும் சீலரும் மெழுகும் வாங்கி வந்தேன். மழை விடாத ஒரு மாலையில் சீலரைப் பூசினேன். காய்ந்ததும் பலகை முழுக்கப் பால் தெளித்த மாதிரி வெள்ளை படர்ந்துவிட்டது.

கடைக்காரரிடமே போய்ச் சொன்னேன். "மழைக்குள்ளயா பூசினீங்க? ஈரம் அடியில மாட்டிக்கிடும். வெயில் வரட்டும். வெள்ளை போற வரைக்கும் சேண்ட்பேப்பரால தேச்சுட்டு மறுபடி பூசுங்க. மெழுகு மெல்லிசா போடணும், பழைய சாரத் துணி போதும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்டுல எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். சொன்னேன். "தொழுகையில நான் துஆ கேக்குறேன்" என்றார்.

வெயில் அடித்த ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பக்கம் பிடிக்க, மேசையை முற்றத்துக்குக் கொண்டுவந்தேன். தேய்த்துப் பூசியதும் இந்தத் தடவை பலகை தெளிவாகக் காய்ந்தது. மறுநாள் மெழுகு போடும்போது அவள் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, ரொட்டிக்கு மாஜரின் அப்புற மாதிரி அப்புறீங்களே! திட்டுத் திட்டா நிக்குது."

"எங்க?"

"இங்கதான்." எழுந்து வந்து துணியைப் பிடுங்கினாள். இடது கையால் தேய்த்துப் பார்த்தாள், வாகாக வரவில்லை. துணியை வலது கைக்கு மாற்றினாள். தூர ஓரத்துக்கு எட்டும்போது முகம் சுளித்தது. மஞ்சள் பலகை தேன் நிறத்துக்கு வந்தது.

அடுத்த நாளும் துணியை எடுத்தாள். "பளபளப்பு பத்தலங்க." மேசைக்குப் பிறகு பழைய அலமாரி. முதலில் கீழ்க்கதவு, அப்புறம் நடுப்பகுதி. நோவு வந்தால் உட்கார்ந்துகொள்வாள், பிறகு தொடர்வாள். கிளினிக்கில் தாதியிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, "சுவரோ அலமாரியோ, கை மேல போனா சரி" என்றார்.

அலமாரியின் உச்சிக்கு அவள் கை எட்டிய அன்று நான் வேலைக்குப் போயிருந்தேன். திரும்பி வரும்போது முற்றத்து உயரக் கொடியில் என் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. "யாரு போட்டது?" என்று கேட்டேன். "வேற யாரு, நான்தான்" என்றாள். அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன்.

இப்போது அவள் கொழுந்துக்குப் போவதில்லை. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். குளிர் அதிகமான காலையில் தோள் இன்னும் நோகிறது என்பாள். ஆனாலும் குழந்தைகளைத் தூக்குகிறாள். அதைப் பார்க்கிற நாளெல்லாம், எங்களுக்குக் கை கொடுத்த ஒவ்வொருவரையும் நினைத்துக்கொள்கிறேன்.