இரவல் நாயோடு எடுத்த படம்

இத்தாலியின் பலெர்மோவில் பல்லரோச் சந்தைப் பக்கம் வந்து தமிழ்க்கடை எங்கே என்று கேட்டால் எல்லோரும் என் கடையைத்தான் காட்டுவார்கள். வேறு தமிழ்க்கடைகளும் இருக்கின்றன. அவற்றைக் காட்டுகிறவர்கள் ஊருக்குப் புதியவர்கள். நான் மன்னாரில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதனால் பள்ளிக்கூடத்துக்கும் பெரிய நட்டம் ஒன்றும் வந்ததாகத் தெரியவில்லை. இங்கே வந்து சிஞ்ஞோராக்கள் என்கிற இத்தாலியப் பணக்கார அம்மாக்களின் வீடுகளில் தரை துடைத்தேன். மொண்டெல்லோக் கடற்கரை உணவகத்தில் கோடை முழுக்கக் கோப்பை கழுவினேன். பிறகு சொந்தக் கடை போட்டேன். ஒருவரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. கடைக்கு யார் வந்தாலும் நான் இந்தக் கதையைத் தொடங்குவேன், என் மனைவி எழும்பிப் பின்னால் போய் அழுகல் வெங்காயம் தெரிந்தெடுப்பாள்.

இவ்வளவையும் தனியே செய்த எனக்குப் பிள்ளை மட்டும் கிடைக்கவில்லை. வைத்தியர்களிடம் போனோம். மாதா கோயிலுக்கு நேர்த்தி வைத்தோம். சொந்தக்காரர் சொன்ன மருந்தெல்லாம் குடித்தோம். கடைசியில் நான் ஐம்பதைத் தொடுகிற வயதில், கடையைப் பூட்டிக்கொண்டிருக்கும்போது, மனைவி சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, நாங்கள் ஒரு பிள்ளையைத் தத்தெடுப்பம்."

"இந்த வயசிலையோ?"

"உங்களைப் பெறச் சொல்லிக் கேக்கேல்லையே. கூட்டிக்கொண்டு வருவம் எண்டுதானே சொல்லுறன்."

அதற்குப் பிறகு சில வருடங்கள் நீதிமன்றமும் அலுவலகங்களுமாகவே போயின. எங்கள் வீட்டைப் பார்க்க ஒரு பெண் அதிகாரி வந்தாள். பிள்ளை அழுதால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். நான் தரை துடைத்ததிலிருந்து தொடங்கினேன். கோப்பை கழுவியதைச் சொல்லி, கடை திறந்த அன்று கோயில் சாமியார் வந்து செபம் சொல்லி மந்திரித்ததைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் மெல்ல என் மனைவியின் பக்கம் திரும்பினாள்.

"பக்கத்தில் இருப்பேன்" என்றாள் மனைவி. அந்தப் பெண் அதை எழுதிக்கொண்டாள். நான் சொன்னதில் ஒரு சொல்லும் எழுதியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஒருநாள் எங்களை அழைத்துச் செய்தி சொன்னார்கள். கொலம்பியாவில் ஒரு பெண் பிள்ளை, ஏழு வயது. எங்கள் வயதுக்குக் கைக்குழந்தை தரமாட்டார்கள் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். மனைவி அவர்கள் நீட்டிய பிள்ளையின் சின்னப் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தாள். எனக்குத் தரவேயில்லை. பிள்ளை எங்களைச் சந்திக்க முன்பே எங்களைப் பார்த்துப் பழக வேண்டுமாம். அதற்காக ஒரு பட அல்பம் செய்து அனுப்பச் சொன்னார்கள். வீடு, பிள்ளை படுக்கப்போகும் அறை, நாங்கள் செய்யும் வேலை, எங்கள் நாளாந்த வாழ்க்கை. உள்ளது உள்ளபடி இருந்தால் போதும் என்றார்கள்.

உள்ளது உள்ளபடி படம் எடுத்து அனுப்புகிற பழக்கம் எங்கள் ஆட்களிடம் கிடையாது. இங்கே வந்து இறங்கிய எவனும் ஊருக்கு அனுப்பிய முதல் படத்தில் வேறு எவனுடையவோ காரில் சாய்ந்துகொண்டு நிற்பான். என் படம் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்கு முன்னால் எடுத்தது. சிவப்புக் கார். மேற்சட்டை, அறையில் கூட இருந்தவனுடையது. கறுப்புக் கண்ணாடியும் அவனுடையதுதான். சிரிக்காமல், நாடியைத் தூக்கி, ஒரு கையைக் காரின்மேல் போட்டு நின்றேன். கார்க்காரன் வந்து துரத்தும்வரை நின்றேன். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் என் மாமனார் பெண் தந்தார். பெண் வந்து இறங்கியபோது நான் வேறு நான்கைந்து பெடியளோடு ஓர் அறையில் இருந்தேன்.

இந்த அனுபவத்தோடு அல்பம் செய்ய இறங்கினேன். எங்கள் வீடு பழைய கட்டிடத்தில் மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை, படிக்கட்டில் கீழ்வீட்டுக்காரரின் பொரித்த மீன் வாசம். எங்கள் வாகனம், கடைக்குக் காய்கறி ஏற்றும், ஓட்டோ மாதிரியான மூன்று சில்லு வண்டி. ஓடும்போது சந்தை முழுவதும் எங்களைத் திரும்பிப் பார்க்கும், அவ்வளவு சத்தம். இவற்றையா ஒரு பிள்ளைக்குக் காட்டுவது? மொண்டெல்லோவில் நாங்கள் முன்பு வேலை செய்த சிஞ்ஞோராவின் பெரிய வீடு இருந்தது. தோட்டம், எலுமிச்சை மரங்கள், வாசலில் வெள்ளைக் கார், அதைவிட வெள்ளையான ஒரு பெரிய நாய். படம் எடுக்க அங்கே போனோம்.

"இது பிழை" என்றாள் மனைவி.

"நீர் சும்மா இரும். பிள்ளை வர விரும்ப வேணுமே?"

"நானும் உப்பிடி ஒரு படத்தைப் பாத்திட்டுத்தானே விரும்பி வந்தனான்."

"வந்து என்ன கெட்டுப்போனீர்?"

அவள் தலையைச் சீவிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். சிஞ்ஞோரா மேல்மாடியிலிருந்து பார்த்துச் சிரித்தார். "நாயை நடுவில் விடு. உங்கள் இரண்டு பேரையும்விட அதற்குத்தான் படத்தில் நிற்கத் தெரியும்" என்றார். நாயை நடுவில் விட்டேன். அந்தப் படம் அல்பத்தின் முதல் பக்கத்தில் போனது.

பயணத்துக்குக் கோயில் ஆட்கள் எல்லாம் விமான நிலையம் வந்து வழியனுப்பினார்கள். எங்கள் பெட்டிகளில் உடுப்பைவிட மிளகாய்த்தூளும் கருவாடும்தான் அதிகம். ரோமில் ஒரு விமானம் மாறி, இன்னொரு நாட்டில் இன்னொன்று மாறி, கடலைக் கடந்து பொகோட்டா போய்ச் சேர்ந்தோம். அங்கே சுங்கத்தில் ஒரு நாய் என் கருவாட்டுப் பெட்டியைவிட்டு நகர மறுத்தது. இந்தக் கதையில் வருகிற நாய்களில் அதுதான் எனக்குக் குறைந்த தொல்லை கொடுத்தது. கருவாட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

மனைவியிடம் நான் சொல்லியிருந்தேன், "ஸ்பானிஷ் ஒண்டும் இல்லை. இத்தாலியனைக் கொஞ்சம் இழுத்துக் கதைச்சால் சரி" என்று. டாக்சிக்காரனிடம் இழுத்துக் கதைத்தேன். அவன் வண்டியை நிறுத்திவிட்டு எனக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தான். மலைமேல் இருக்கும் ஊர், புதிதாக வருகிறவர்களுக்கு மூச்சு வாங்கும். என் ஸ்பானிஷை அவன் மூச்சுத் திணறல் என்று நினைத்திருக்கிறான். மனைவி பின்னால் இருந்து நிதானமாக இத்தாலியனிலேயே சொன்னாள். அவனுக்கு விளங்கிவிட்டது.

பிள்ளையைச் சந்திக்கிற அறையில் பலூன்கள் கட்டியிருந்தார்கள். மேசையில் கேக். நான் மேற்சட்டை போட்டிருந்தேன், இந்த முறை சொந்தம். கதவு திறந்து, அல்பத்தை நெஞ்சோடு அணைத்தபடி மெலிந்த ஒரு பிள்ளை வந்தாள். என்னைப் பார்த்தாள். மனைவியைப் பார்த்தாள். பிறகு எங்களுக்குப் பின்னால் பார்த்தாள். குனிந்து மேசைக்குக் கீழேயும் பார்த்தாள்.

"நாய் எங்கே?" என்றாள்.

அவள் கேட்டது ஸ்பானிஷில். அது எனக்கு முழுதாக விளங்கியது, அதுதான் கெடுதி. விளங்கியதால் பதிலும் சொன்னேன். வீட்டில் நிற்கிறது என்றேன். மனைவி என் காலை மிதித்தாள்.

அடுத்து வந்த வாரங்களில் நாங்கள் மூன்று பேரும் அந்த ஊரில் ஒரு சின்ன வாடகை வீட்டில் சேர்ந்து இருக்க வேண்டும். முடிவில் உளவியல் படித்த ஒரு பெண் வந்து பிள்ளையோடு தனியே கதைப்பாள். இவர்களோடு போக உனக்கு விருப்பமா என்று கேட்பாள். பிள்ளை இல்லை என்றால் இல்லைதான். நாங்கள் கருவாடும் இல்லாமல் பிள்ளையும் இல்லாமல் திரும்ப வேண்டியதுதான்.

பிள்ளை தலை பின்னவும் குளிக்கவும் சோறு சாப்பிடவும் மனைவியிடம் போனாள். என்னிடம் வந்தது நாய் விசயமாக மட்டும். அது என்ன சாப்பிடும்? இறைச்சி. எங்கே படுக்கும்? உன் கட்டிலுக்குப் பக்கத்தில். இப்போது யார் பார்க்கிறார்கள்? வேலைக்காரர். வேலைக்காரர் என்று சொன்னபோது எனக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் வேலைக்காரனாக இருந்தவன் நான்தான். ஆனால் பிள்ளை என் பக்கத்தில் இருந்து, என் கையைப் பிடித்து, கண் விரியக் கேட்டுக்கொண்டிருக்கும்போது நிறுத்த மனம் வரவில்லை. வாழ்க்கையில் என் கதையை எழும்பிப் போகாமல் கேட்ட முதல் ஆள் அவள்.

அந்த உளவியல் பெண் வரும் நாள் நெருங்கியது. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு சிஞ்ஞோராவுக்குத் தொலைபேசி எடுத்தேன். நாயைக் கொஞ்சக் காலத்துக்கு இரவலாகத் தரமுடியுமா என்று கேட்டேன்.

"கொண்டுபோ" என்றார் சிஞ்ஞோரா. "ஆனால் அதற்கும் என்னைப்போல வயதாகிவிட்டது. உன்னுடைய மூன்று மாடி ஏறாது. தினமும் நீதான் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும்."

நான் அதற்கும் ஓம் என்றேன். கதவைத் திறந்தால் மனைவி நிற்கிறாள்.

"ஆரை மூண்டு மாடி தூக்கப் போறியள்?"

நான் தண்ணீரை நிறுத்தினேன்.

"உங்களுக்கு வெக்கமாய் இல்லையோ? பிள்ளை வந்து வாசலிலை நிண்டு நாயைத் தேடினால் நான் என்ன சொல்லுறது?"

"இப்ப சொன்னால் வரமாட்டன் எண்டு சொல்லிப்போடுவாள்."

"சொல்லட்டும். தெரிஞ்சு சொல்லட்டும்."

வெளியே மழை. மனைவி பிள்ளையைக் கட்டிலில் இருத்தி, அல்பத்தை மடியில் விரித்தாள். நான் கதவடியில் நின்றேன். உள்ளே போகவும் பயம், வெளியே போகவும் பயம். அவள் இத்தாலியனில், ஒவ்வொரு படத்திலும் விரலை வைத்து, அவசரப்படாமல் சொன்னாள். இந்த வீடு எங்களுடையது இல்லை. இந்தக் கார் எங்களுடையது இல்லை. இந்த நாய் எங்களுடையது இல்லை, அது எங்களுக்குத் தெரிந்த ஓர் அம்மாவினுடையது. பிறகு தன் கைத்தொலைபேசியை எடுத்து, எனக்குத் தெரியாமல் எப்போதோ எடுத்து வைத்திருந்த படங்களைக் காட்டினாள். எங்கள் படிக்கட்டு, கடை வாசலில் வெங்காய மூட்டை, மூன்று சில்லு வண்டி, அதற்குள் குறட்டை விடும் நான்.

பிள்ளை படத்தில் இருந்த வெள்ளை நாயை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து என்னைச் சுட்டிக்காட்டினாள்.

"இவர்? இவரும் இரவலா?"

மனைவி உடனே பதில் சொல்லவில்லை. அந்த இடைவெளியை நான் இன்றுவரை மறக்கவில்லை.

"இல்லை" என்றாள். "இவர் மட்டும் எங்களுடையவர்."

பிள்ளை என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். பல்லரோவில் கத்தரிக்காய் பொறுக்குகிற பெண்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். அன்று முழுக்க என்னிடம் ஒரு கேள்வியும் வரவில்லை.

உளவியல் படித்த பெண் வந்த காலையில் நாங்கள் வெளிப்படியில் காத்திருந்தோம். மனைவி செபமாலை சொன்னாள். கோடை வெயிலில் உணவகப் பின்கட்டில் கோப்பை கழுவியபோதும் எனக்கு அப்படி வேர்த்ததில்லை. அந்த ஊரோ குளிர் ஊர். நாய் இல்லாத வீட்டுக்கு, பொய் சொல்கிற கிழவனோடு எந்தப் பிள்ளை வருவாள் என்று யோசித்தேன். நான் பிள்ளையாக இருந்தால் வரமாட்டேன்.

கதவு திறந்தது. அந்தப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் வந்தாள். பிள்ளை சொன்னதை அப்படியே சொன்னாள். "நாய் அவர்களுடையது இல்லை. வீடும் இல்லை. அம்மா என்னிடம் உண்மை சொன்னார். நான் அம்மாவோடு போகிறேன். அவரும் வரட்டும்."

மனைவி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை என்றுதான் கடையில் சொல்லி வருகிறேன்.

பலெர்மோ வந்த பிறகு வந்த முதல் ஞாயிறு, பூசை முடிந்து மூன்று சில்லு வண்டியில் நெருக்கி இருந்துகொண்டு மொண்டெல்லோ போனோம். சிஞ்ஞோரா வாசலைத் திறந்துவிட்டார். நான் வருடக்கணக்காகக் குளிப்பாட்டிய நாய் என்னைக் கடந்து நேரே பிள்ளையிடம் போய், அவள் காலடியில் விழுந்து படுத்தது. அன்றிலிருந்து ஞாயிறு மத்தியானங்கள் அவர்கள் இரண்டு பேருக்கும் சொந்தம். சிஞ்ஞோரா எனக்குப் பழையபடி எலுமிச்சைக்குத் தண்ணீர் விடுகிற வேலை தந்திருக்கிறார்.

போன கோடையில், அவளுடைய தமிழும் இத்தாலியனும் ஒன்றாய்ப் புரளத் தொடங்கியிருந்த நேரம், கடற்கரை ஓரத்தில் பளபளவென்று ஒரு சிவப்புக் கார் நின்றது. என் கை சும்மா இருக்கவில்லை.

"பிள்ளை, உதிலை சாஞ்சு நில்லுங்கோ. ஒரு படம் எடுப்பம். ஊருக்கு அனுப்பலாம்."

"இது ஆரின்ரை, அப்பா?"

"ஆரின்ரையோ."

"எங்கடை எங்கை நிக்குது?"

எங்களுடையது நிழலில், வெங்காயச் சருகு ஒட்டிக்கொண்டு, ஒரு பக்கம் சரிந்து நின்றது. அவள் அங்கே நடந்துபோய்த் திரும்பினாள். ஒரு கையை அதன் மேல் போட்டாள். நாடியைத் தூக்கினாள். சிரிக்கவில்லை. ஸ்தாசியோனே வாசலில் நான் நின்ற அதே சாய்வு. அந்தப் படத்தை நான் அவளுக்குக் காட்டியதில்லை. அப்படி நிற்கச் சொல்லியும் கொடுக்கவில்லை.

மனைவிதான் படம் எடுத்தாள். எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இவள் அப்பிடியே உங்களை மாதிரித்தான் வரப்போறாள்."

அதை அவள் கவலையோடுதான் சொன்னாள். நான் படத்தைப் பெரிதாக்கிக் கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் வண்டியைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நான் தரை துடைத்ததிலிருந்து தொடங்குகிறேன். மனைவி வெங்காயம் தெரிந்தெடுக்கப் போகிறாள், இப்போது மகளையும் கூட்டிக்கொண்டு.