விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது

யாருடைய பென் டிரைவை வாங்கினாலும் சாந்த் பாஷா அதைச் சட்டை நுனியில் ஒருமுறை துடைப்பார். சொருகிய பிறகு, அதன் முனையில் சின்ன விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்ப்பார். சுருதி கல்லூரியில் சேர்ந்த வருஷத்திலிருந்து அதைப் பார்த்துவருகிறாள்.

வேங்கிக்காலில் அவருக்கு ஒரு பிரௌசிங் சென்டர். ஊரிலுள்ள வைரஸ் எல்லாம் பென் டிரைவில் ஏறி அங்கேதான் வந்து இறங்கும். இரண்டு தடவை கம்ப்யூட்டர் படுத்துவிட்ட பிறகு, அதற்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் போல ஓடும் விர்ச்சுவல் மெஷின் ஒன்றைப் போட்டுக்கொண்டார். வெளியார் பென் டிரைவை அதற்குள்தான் திறப்பார். அதற்கு அவர் வைத்த பெயர் மெஹ்மான், விருந்தாளி.

"வர்ற அழுக்கு மெஹ்மானோட நிக்கணும்மா. செருப்போட எவனும் சமையல்கட்டுக்கு வரக்கூடாது" என்பார்.

பௌர்ணமிக் கிரிவலக் கூட்டம் வடிந்த மறுநாள் மெஹ்மானைப் பழைய நிலைக்குத் திருப்பிவிடுவார். ஒரு மாதமாக அதற்குள் சேர்ந்தது, நல்லதோ கெட்டதோ, எல்லாம் போய்விடும்.

சுருதியின் வீட்டில் அவளுக்கு முன்னால் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. கம்ப்யூட்டரும் கிடையாது. சமணக் கோயில்களைப் பற்றி நோட்டில் கையால் எழுதியிருந்த ஆய்வேட்டை, நூற்றுப்பத்துப் பக்கம், பாயின் கடையில் ஒரு மாதம் உட்கார்ந்து மெஹ்மானில் அடித்தாள். ஒப்படைக்கும் கெடுவை ஒருமுறை நீட்டியாகிவிட்டது, இனி நீட்டமாட்டோம் என்று கல்லூரியிலிருந்து கடிதமும் வந்திருந்தது.

கெடுவுக்கு முந்தின நாள் பிரிண்ட் எடுக்கப் போனாள். பென் டிரைவில் ஒன்றுமே இல்லை.

"மெஹ்மான்ல பாருங்க பாய்."

"பௌர்ணமி முடிஞ்சுதேன்னு மெஹ்மான நேத்தே அனுப்பிட்டேனேம்மா." அவர் எழுந்து வந்தார். "நீ சொருகினதும் மேல மெனுல போயி மெஹ்மானுக்குக் குடுத்தியா?"

"லைட் எரிஞ்சுதே பாய்."

எரிந்ததுதான். ஆனால் அது மெஹ்மானுக்கு வெளியே இருந்த நிஜக் கம்ப்யூட்டருக்காக எரிந்தது. மெனுவில் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால்தான் பென் டிரைவ் மெஹ்மானுக்குள் போகும். மற்றவர்களுக்கு அதை அவரே செய்துவிடுவார். தினமும் வருகிற பிள்ளை என்று சுருதியைத் தானே சொருகிக்கொள்ள விட்டிருந்தார். அவரைப் பார்த்து அவள் கற்றது, துடைப்பதும் குனிந்து பார்ப்பதும் மட்டும். ஒரு மாதமும் அவள் சேமித்ததெல்லாம் மெஹ்மானிலேயே கிடந்து, மெஹ்மானோடு போயிற்று. ஒரு நாளாவது திறந்து பார்த்திருக்கலாமே என்று அவள் இன்றும் தன்னையே கேட்டுக்கொள்கிறாள்.

"நோட்ட வெச்சிட்டுப் போ. நானே அடிச்சுத் தரேன். சொல்லிக்குடுக்காத தப்பு என்னுது. இது என் கடன்" என்றார் பாய்.

கெடு மறுநாள் முடிந்தது. இனி அடித்து என்ன ஆகப்போகிறது என்று அவளுக்குத் தெரியும். அவர் முகத்தைப் பார்த்துத்தான் நோட்டையும் பென் டிரைவையும் வைத்துவிட்டு வந்தாள். பிறகு பட்டம் இல்லாமலே ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலைக்குப் போனாள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் பாய் ஒரு பக்கம், இரண்டு பக்கம் என்று அடித்துக்கொண்டிருப்பதாகக் காதில் விழும். அந்தப் பக்கம் போவதையே தவிர்த்தாள்.

ரம்ஜான் மாதத்தில் பாய் மாரடைப்பில் போய்விட்டார். அவர் மகள் ஜீனத் கூப்பிட்டு நோட்டையும் பென் டிரைவையும் கொடுத்தாள்.

"மீதிய நான் அடிக்கட்டுமாக்கா?"

சுருதி வேண்டாமென்றாள்.

பென் டிரைவில் நாற்பத்தோரு பக்கம் இருந்தது. நோட்டில் அவர் அடித்து நிறுத்திய இடத்தில் கரண்ட் பில் சீட்டு ஒன்று செருகியிருந்தது. இன்னும் அறுபத்தொன்பது பக்கம் பாக்கி.