ஆளுக்கு இரண்டு பிடி கொழுந்து

ஐம்பதுகளில் சூரியநெல்லிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் நலன் பார்க்கும் குமாஸ்தாவாக இருந்தேன். யார் நலனை எப்படிப் பார்த்தேன் என்று சொல்ல இன்றும் வாய் கூசுகிறது.

சரிவில் கொழுந்து எடுக்கும் பெண்களில் ஒரு அம்மாவுக்கு எழுபது வயதாவது இருக்கும். அலுவலகப் பதிவில் மட்டும் பல வருடமாக ஐம்பதிலேயே நின்றுகொண்டிருந்தார். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. தோட்டத்தில் பெயர் இருக்கும்வரைதான் லயத்து வீட்டு வரிசையில் அவருக்கு ஓர் அறை. முட்டி வீங்கி, பாதிச் சரிவிலேயே நின்றுவிடுவார். ஆனால் எடை போடும்போது கூடை நிறைந்திருக்கும். எப்படி என்று ஒருநாள் கவனித்தேன். இறங்கி வரும் இளம் பெண்கள் ஆளுக்கு இரண்டு பிடி கொழுந்தை அந்தக் கூடையில் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் போனார்கள். வேலை வாங்கும் கங்காணி சரியாக அந்த நேரம் பார்த்துத் தலையைக் குனிந்து வெற்றிலை மடிப்பார்.

எனக்குப் பொறுக்கவில்லை. உழைத்துத் தேய்ந்தவருக்கு இலகுவான வேலை உரிமையாயிற்றே, அதைப் பிச்சை போல ஏன் வாங்க வேண்டும் என்று ரத்தம் கொதித்தது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகையில் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுக்கும்படி தோட்டத்து மேனேஜர் துரைக்கு நீளமாக எழுதினேன். உண்மையான வயதைப் போட்டேன். ஆதாரமாக அந்த இரண்டு பிடியையும் எழுதித் தொலைத்தேன்.

துரை என்னை மெச்சினார். மறுவாரம், வேலை வயதைக் கடந்தவர் என்று அந்த அம்மாவின் பெயரைப் பதிவிலிருந்து வெட்டிவிட்டார்கள். பத்து நாளில் அறையைக் காலி செய்ய வேண்டும். ஒருவர் கூடையில் இன்னொருவர் கொழுந்து போடக் கூடாதென்று காலையில் எல்லோர் முன்னாலும் உத்தரவு வாசித்தார்கள். துரையிடம் ஓடினேன். நான் எழுதிக் கொடுத்தபடிதான் செய்ததாகச் சொல்லிச் சிரித்தார்.

அந்த அம்மா அலுவலக வாசலுக்கு வந்தார். சத்தம் போடவில்லை.

"லயத்துப் புள்ளைக என்னயக் காப்பாத்திக்கிட்டுத்தான இருந்துச்சுக. நான் உங்ககிட்ட வந்து கேட்டனா ஐயா? இப்ப எந்த ஊருக்குப் போகச் சொல்றீக?"

பத்தாம் நாள் அந்த அம்மா போடிக்கு இறங்கும் லாரியில் மூட்டையோடு ஏறிப் போனார். அங்கே அவருக்கு யாருமில்லை.

அடுத்த மாதம், மற்றக் கிழவிகளின் வயதையும் விசாரித்து எழுதித் தரும்படி துரை சொன்னார். வேலையை உதறிவிட்டு வந்தேன் என்று எழுதத்தான் கை துடிக்கிறது. ஆனால் துரை கேட்டபடியே எழுதிக் கொடுத்தேன். எனக்கும் அந்தத் தோட்டம்தான் வீடு கொடுத்திருந்தது.